முதல் பெய்ட்காஸ்டிங் ராட்: 2000 ரேண்டுக்குள் பாஸ் மீனுக்கு எதை எடுப்பது?

வெருலம்_கரை

எல்லாருக்கும் வணக்கம். தூண்டில் ராட், நரம்பு சுற்றும் ரீல் இரண்டும் சேர்த்து 2000 ரேண்ட் வரை போடலாம் என்றிருக்கிறேன். மீன் பிடிக்கப் போவது டர்பன் பக்கத்து இனாண்டா, ஹேசல்மியர் அணைகளில், கரையிலிருந்துதான்; படகு கிடையாது. டெக்சஸ் ரிக்கில் (முள் நுனியை ஒளித்துக் கோக்கும் முறை) பிளாஸ்டிக் புழு, ஸ்பின்னர்பெய்ட் (சுழலும் தகடு வைத்த செயற்கை இரை), முடிந்தால் தவளை லூர் (தவளை வடிவச் செயற்கை இரை). கடலில் ஷாட் மீனுக்கு நீள ராடும் கிரைண்டர் ரீலும் (ஸ்பின்னிங் ரீல்) பழக்கம் உண்டு. பெய்ட்காஸ்டர், அதாவது எறியும்போது ஸ்பூலே (நரம்பு சுற்றிய உருளை) சுழலும் ரீல், புதிது.

கடையில் 6 அடி 6 அங்குலம், 7 அடி, 7 அடி 3 அங்குலம் என்று வரிசையாக நிற்கிறது. மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி என்று வேறு. ஒன்றில் 24 டன் என்று போட்டிருக்கிறது, பக்கத்தில் 30 டன், அதற்கடுத்ததில் ஐஎம்7. எதைப் பார்த்து எடுக்க வேண்டும்? பணத்தை ராடுக்கும் ரீலுக்கும் எப்படிப் பிரிப்பது?

ஆல்பர்ட்ஃபால்ஸ்_அண்ணன்

தம்பி, டன் கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். அது கார்பன் நூலின் விறைப்பைச் சொல்வது, பலத்தை அல்ல. ஐஎம்6, ஐஎம்7 இரண்டும் ஹெக்செல் என்ற கம்பெனியின் நூலுக்கு உள்ள வியாபாரப் பெயர்கள். எல்லா ராட் கம்பெனிக்கும் பொதுவான தரக்கோல் கிடையாது. விறைப்பு கூடினால் சுவர் மெல்லியதாகச் சுற்றலாம், ராட் எடை குறையும். அதே காரணத்தால் கல்லில் ஒரு தட்டு, கார் டிக்கியில் ஒரு இடி பட்டால் சீக்கிரம் கீறல் விழும். கரையில் நின்று பாறைமேல் ராடைச் சாய்த்து வைக்கிற ஆளுக்குக் கொஞ்சம் தடித்த சுவர்தான் நல்லது.

பார்க்க வேண்டியது கைப்பிடிக்குச் சற்று மேலே சின்ன எழுத்தில் ஓடுகிற ஒரு வரி. நீளம், பவர், ஆக்‌ஷன், நரம்பு தாங்கும் பவுண்ட், லூர் எடை ஐந்தும் அதில் இருக்கும். ஐந்திலும் லூர் எடைதான் ராஜா.

பெய்ட்காஸ்டரில் லூர்தான் ஸ்பூலை இழுத்துச் சுழற்றுகிறது. கிரைண்டரில் ஸ்பூல் அசையாது, நரம்பு உருவிக்கொண்டு போகும். அதனால் லேசான லூரும் பறக்கும். இங்கே லூர் ராடை வளைக்கிற அளவுக்காவது எடை இருக்க வேண்டும். ராட் வளையாவிட்டால் எறிகிற வேகம் லூருக்குப் போகாது, கை வேகமாக வெட்டி இழுக்கும், ஸ்பூல் மட்டும் துள்ளிச் சுழலும், சிக்கு விழும். புதிதாக எறிகிறவர்கள் ரீலைத் திட்டுவதில் பாதி, ராடுக்குப் பொருந்தாத எடையால் வந்த வினை.

நீங்கள் சொன்ன லூர்களின் எடையைக் கூட்டிப் பாருங்கள். 3/8 அவுன்ஸ் புல்லட் ஈயம் 10.6 கிராம். அதோடு 4/0 முள்ளும் ஏழு அங்குலப் புழுவும் சேர்ந்தால் அரை அவுன்ஸைத் தாண்டும். ஸ்பின்னர்பெய்டில் அட்டைமேல் 3/8 என்று போட்டிருப்பது தலை ஈயத்தின் எடை. தகடு, கம்பி, ரப்பர் இழைப் பாவாடை எல்லாம் அதற்கு மேல். ஈயமே இல்லாமல் போடுகிற ஐந்து அங்குலத் தடித்த சென்கோ புழு தானே ஏறக்குறைய 3/8 அவுன்ஸ் வரும், உப்பு கலந்த பிளாஸ்டிக் என்பதால். ஆக உங்கள் கை எறியப்போவது 10 முதல் 20 கிராம்.

அதற்குச் சரியான ராட்: 7 அடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட் ஆக்‌ஷன், லூர் எடை 1/4 முதல் 3/4 அவுன்ஸ் அல்லது 3/8 முதல் 3/4 வரை. எழுதியிருக்கிற எல்லையின் இரண்டு ஓரத்தையும் நம்ப வேண்டாம், நடுப்பகுதிதான் சுகமாக எறியும். 3/8 முதல் 1 அவுன்ஸ் என்று போட்ட மீடியம் ஹெவியும் நிறைய வருகிறது. கெடுதல் இல்லை, ஆனால் ஈயமில்லாத சென்கோவுக்கு விறைப்பாகத் தெரியும்.

பவர், ஆக்‌ஷன் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ராடை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது பவர். எந்த இடத்தில் வளைகிறது என்பது ஆக்‌ஷன். ஃபாஸ்ட் என்றால் மேல் மூன்றில் ஒரு பங்கு வளையும், கீழே முதுகெலும்பு மாதிரி நிற்கும். டெக்சஸ் ரிக்கில் முள் நுனி பிளாஸ்டிக்குக்குள் ஒளிந்திருக்கிறது. அடிக்கும்போது அது புழுவைக் கிழித்துக்கொண்டு வந்து, பிறகு மீனின் வாயில் ஏற வேண்டும். அந்த வேலைக்கு முதுகெலும்பு வேண்டும். மூன்று முள் கொத்தாக இருக்கிற கிராங்க்பெய்டுக்கு இதற்கு நேர்மாறு: மெல்லிய முள், நடுப்பகுதி வரை வளைகிற ராட். ஒரே ராடில் இரண்டையும் முழுமையாகச் செய்ய முடியாது. உங்கள் பட்டியலில் கிராங்க்பெய்ட் இல்லாததால் கவலையில்லை.

டோங்காட்_தூண்டில்

அண்ணா சொன்னதில் நீளத்தை மட்டும் ஒத்துக்க மாட்டேன். கரையில முதுகுக்குப் பின்னால புதரும் முள்மரமும் இருக்கிற இடம்தான் அதிகம். 7 அடி ராடைத் தலைக்கு மேல சுத்த இடம் எங்க இருக்கு? 6 அடி 6 அங்குலம் எடுத்தா பக்கவாட்டுல, கீழ்க்கையா எறியலாம். முதல்முறை பழகுறவங்களுக்குக் குறி தப்பாது.

ஆல்பர்ட்ஃபால்ஸ்_அண்ணன்

டோங்காட் தம்பி, குறி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் கரையாளுக்கு நீளம் மூன்று வேலை செய்கிறது. தூரம் கொஞ்சம் கூடும். கரையோரக் கோரைக்கு மேலே நரம்பைத் தூக்கிப் பிடிக்கலாம். முக்கியமாக, தொலைவில் கடித்த மீனுக்கு முள் அடிக்கும்போது தளர்ந்து கிடக்கிற நரம்பை ஒரே வீச்சில் இழுத்துக்கொள்ளும். கயாக்கில் உட்கார்ந்து பிடிப்பவர் கேட்டிருந்தால் நானும் 6 அடி 6 என்றே சொல்லியிருப்பேன், கைப்பிடியும் குட்டையாக. நடுவில் 6 அடி 10 அங்குலம் கிடைத்தால் அதுவும் நல்ல அளவு. 7 அடி 3 மட்டும் முதல் ராடுக்கு வேண்டாம், கை சீக்கிரம் ஓயும்.

சாட்ஸ்வொர்த்_ஸ்கார்பரோ

பணம் பிரிப்பதைப் பற்றி: 2000-இல் 1100, 1200 ரீலுக்கு, மீதி ராடுக்கு. விலை குறைந்த ராட் கொஞ்சம் கனமாக இருக்கும், அவ்வளவுதான். எறியும், மீனை இழுக்கும். விலை குறைந்த ரீலில் பிரேக் ஒழுங்காக இல்லையென்றால் பழகவே முடியாது. இரண்டாவது நாளே அலமாரிக்குப் போய்விடும். நரம்புக்கும் முள்ளுக்கும் ஈயத்துக்கும் தனியாக 200, 300 ஒதுக்குங்கள். எல்லாப் பணத்தையும் ராடிலும் ரீலிலும் கொட்டிவிட்டுக் கடைசியில் வீட்டில் கிடக்கிற 0.50 மில்லிமீட்டர் கடல் நரம்பைச் சுற்றுவது நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்கிற தப்பு. சின்ன ஸ்பூலில் அந்தத் தடிமன் கம்பிச்சுருள் மாதிரி எம்பி நிற்கும்.

ரீலில் பார்க்க வேண்டியவை. தட்டையான லோ புரொஃபைல் உருவம், 100 அளவு. கியர் 6.3 முதல் 7.3 வரை ஏதாவது. 7-க்கு 1 என்றால் ஒரு சுற்றுக்கு முக்கால் மீட்டர் போல நரம்பு வரும், புழுவுக்கும் ஸ்பின்னர்பெய்டுக்கும் இரண்டுக்கும் ஆகும். பேரிங் எத்தனை என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். நல்ல நாலு பேரிங், மட்டமான பத்தை விட மேல்.

பிரேக் இரண்டு வகை. காந்த பிரேக்கில் வெளியே ஒரு திருகு இருக்கும், கரையில் நின்றபடியே மாற்றலாம். அலுமினிய ஸ்பூல் காந்தத்தின் அருகே சுழலும்போது அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி எதிர்த்து இழுக்கிறது. வேகம் கூடக்கூட இழுப்பும் கூடும். மற்றது சென்ட்ரிஃபியூகல். ஸ்பூலின் பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டைகள், சுழற்சியில் வெளியே தள்ளப்பட்டு வளையத்தில் உரசும். பல மாடல்களில் அதை மாற்றப் பக்கத் தகட்டைக் கழற்ற வேண்டும். முதல் ரீலுக்கு வெளியே திருகு உள்ள காந்த பிரேக்தான் என் வோட்டு. ஆபு கார்சியா பிளாக் மேக்ஸ் போன்றவை அந்த வகை. கியர் 6.4.

வெருலம்_கரை

இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு நன்றி அண்ணன்மாரே. காம்போ என்று ராடும் ரீலும் சேர்த்தே விற்கிறார்கள், விலையும் குறைவு. அதை எடுக்கலாமா? கைப்பிடி எந்தப் பக்கம் வாங்குவது என்பதிலும் குழப்பம். கிரைண்டரில் இடது கையால் சுற்றித்தான் பழக்கம்.

மிட்மார்_அக்கா

காம்போ எடுக்கலாம் தம்பி, ஆனால் காம்போவில் வரும் ரீலின் பெயரைத் தனியாகத் தேடிப் பாருங்கள். தனியாகவும் விற்கிற ரீல் என்றால் எடுக்கலாம். காம்போவுக்கென்றே செய்த பெயரில்லாத ரீல் என்றால் பாகம் கிடைக்காது; பிரேக் திருகு பல சமயம் அலங்காரத்துக்கு மட்டும் சுற்றும். 0-விலும் 10-லும் வைத்து ஸ்பூலை விரலால் சுண்டிப் பாருங்கள். சுழலும் நேரத்தில் பளிச்சென்று வித்தியாசம் தெரிய வேண்டும்.

இடது கையால் சுற்றிப் பழக்கம் என்றால் இடது கைப்பிடியே வாங்குங்கள். வலது கையால் எறிந்து, வலது கையிலேயே ராட் இருக்கும். வலது கைப்பிடி என்றால் ஒவ்வொரு எறிக்கும் ராடைக் கை மாற்ற வேண்டும். லூர் தண்ணீரில் விழுந்த கணத்தில் கடிக்கிற பாஸ் அந்த மாற்றத்தில்தான் தப்பும். கடைகளில் மலிவு ரீல் பெரும்பாலும் வலதுதான் வைத்திருப்பார்கள், இடது கேட்டு வாங்க வேண்டியிருக்கும். கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டலாம் என்று நினைக்காதீர்கள். கிரைண்டரில் முடியும், இதில் முடியாது.

இனி ராடைக் கடையிலேயே சோதிப்பது. யாரும் இதைச் செய்வதில்லை, பத்து நிமிட வேலை.

முதலில் ராடின் அடிப்பக்கத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, துப்பாக்கி குறி பார்ப்பது போல வளையங்கள் வழியே பாருங்கள். எல்லா வளையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் சாய்ந்திருந்தால் நரம்பு அதில் உரசிக்கொண்டே இருக்கும். ராடையே மெதுவாக உருட்டுங்கள். லேசான வளைவு பல நல்ல ராடிலும் உண்டு, அதற்குப் பயப்பட வேண்டாம். நெளிவு வேண்டாம்.

வளையங்களை எண்ணுங்கள். 7 அடிக்கு நுனி வளையம் தவிர எட்டு வளையமாவது வேண்டும். இது அழகுக்கு இல்லை. பெய்ட்காஸ்டிங் ராடில் வளையங்கள் மேல்பக்கம் இருக்கின்றன. மீன் இழுத்து ராட் வளையும்போது இரண்டு வளையங்களுக்கு நடுவே நரம்பு ராட் உடம்பின் மேலேயே இறங்கும். வளையம் குறைவாக இருந்தால் நரம்பு உடம்பில் உரசும், பாரமும் ஓரிரு இடத்தில் குவியும். கடைக்காரரிடம் கேட்டு ஒரு நரம்பைக் கோத்து, நுனியை அவர் பிடித்துக்கொள்ள, ராடை மிதமாக வளைத்துப் பக்கத்திலிருந்து பாருங்கள். நரம்பு ராடின் வளைவை ஒட்டியே போனால் நல்லது. குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் வேறு ராட் பாருங்கள்.

பிறகு ஒரு துண்டுப் பஞ்சு. ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுற்றி இழுங்கள். நூல் மாட்டினால் உள்ளே இருக்கிற பீங்கான் வளையத்தில் கீறல். கண்ணுக்குத் தெரியாத கீறல்கூடப் பஞ்சுக்குத் தெரியும். நுனி வளையத்தில் மூன்று தடவை பாருங்கள், அதிகம் அடிபடுவது அதுதான். வளையம் கட்டியிருக்கிற நூலின்மேல் பூசிய பசையில் வளையத்தின் காலடியைச் சுற்றி மெல்லிய வெள்ளைக்கோடு தெரிந்தால் அது ஏற்கெனவே அசைய ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

கடைசியாக, உங்கள் ரீலையே அதில் மாட்டி இறுக்கி, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று அசைந்தால் ரீல் பாதமும் இருக்கையும் பொருந்தவில்லை. ரீலோடு ராடை ஒரு விரலில் நிறுத்துங்கள். ரீலுக்கு முன்னால் நாலைந்து அங்குலத்துக்குள் நின்றால் போதும். அதைவிட முன்னால் போனால் நுனி கனம், ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும்.

டோங்காட்_தூண்டில்

அக்கா, பஞ்சு யோசனை அருமை.

அக்லி ஸ்டிக் ஜிஎக்ஸ்2 பற்றி ஒண்ணு சொல்லணும். கிராஃபைட்டும் கண்ணாடி இழையும் கலந்த ராட், நுனி முழுக் கண்ணாடி இழை, வளையம் ஒரே எஃகுல செஞ்சது, உள்ள பீங்கானே கிடையாது; கழண்டு விழ ஒண்ணும் இல்ல. அடி தாங்கும். குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு அதுதான் சரி. குறை என்னன்னா நுனி கனம். புழு அடியில கல்லுல தட்டுதா மண்ணுல உரசுதான்னு கைக்குத் தெரியறது குறைவு. டெக்சஸ் ரிக் போடுறவங்களுக்கு அந்தத் தட்டுதான் பாதி வேலை.

ஆல்பர்ட்ஃபால்ஸ்_அண்ணன்

அதனால்தான் புழுவுக்கு முழு கிராஃபைட், ஸ்பின்னர்பெய்டுக்குக் கலவை. இவர் பட்டியலில் புழு முதலில் இருப்பதால் கிராஃபைட் பக்கம் சாய்கிறேன். ராட் பத்திரமாக வைத்துக்கொள்ள முடியாத நிலைமை என்றால் டோங்காட் தம்பி சொல்வதைக் கேளுங்கள்.

வெருலம்_கரை

இரண்டு ராடில் வந்து நிற்கிறேன். முதலாவது: 7 அடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட், 1/4 முதல் 3/4 அவுன்ஸ், ஒரே துண்டு, நுனி தவிர ஒன்பது வளையம், 750 ரேண்ட். இரண்டாவது: அதே நீளம், அதே பவர், 3/8 முதல் 1 அவுன்ஸ், இரண்டு துண்டு, ஏழு வளையம், 680 ரேண்ட். கார் சின்ன ஹேட்ச்பேக், அதனால்தான் இரண்டாவதையும் பார்க்கிறேன்.

தவளை லூருக்கு இரண்டாவது உதவுமா? அணையில் ஆகாயத்தாமரை படர்ந்த இடத்தில் போட ஆசை.

ஆல்பர்ட்ஃபால்ஸ்_அண்ணன்

முதலாவது. யோசிக்கவே வேண்டாம். ஒன்பது வளையமும் லூர் எல்லையும் அதன் பக்கம்.

7 அடி என்பது 2.1 மீட்டர். ஹேட்ச்பேக்கில் முன் பயணி இருக்கையின் தலைப்பக்கத்தைத் தாண்டி, பின் கதவு மூலையிலிருந்து முன் கண்ணாடி மூலைவரை குறுக்காகப் போகும். நுனி முன்பக்கம், அடி பின்பக்கம். கதவு சாத்துகிற பக்கம் நுனி வரவே கூடாது. ராட் உடைவது மீனால் அல்ல, கதவால். மினிபஸ் டாக்சியில் போகிறவர் கேட்டிருந்தால் இரண்டு துண்டுதான் வழி. அப்போது இணைப்பில் மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்து, மீன் பிடிக்கும்போது மணிக்கொருமுறை இறுக்கிக்கொள்ள வேண்டும். தளர்ந்த இணைப்போடு எறிந்தால் மற்றதை உள்வாங்குகிற துண்டின் வாய் பிளக்கும்.

தவளையைத் தள்ளிப்போடுங்கள். திறந்த நீரில், ஒன்றிரண்டு இலை மிதக்கிற இடத்தில் மீடியம் ஹெவியால் தவளை போடலாம். ஆகாயத்தாமரை மெத்தை வேறு சங்கதி. மீன் கடித்தவுடன் இலைக்குள் பாய்ந்து சுற்றும். மீனோடு மூன்று நாலு கிலோ செடியும் சேர்ந்து வரும். அதற்கு ஹெவி ராட், 50 பவுண்டுக்குக் குறையாத பின்னல் நரம்பு. இரண்டாவது ராட் வாங்கும்போது அதை வாங்குங்கள். இரண்டுக்கும் பொது என்று எடுக்கிற ஒன்று இரண்டுக்கும் ஆகாது.

வெருலம்_கரை

சரி அண்ணா, முதலாவதையே எடுக்கிறேன். ரீல் இடது கைப்பிடி, காந்த பிரேக். நரம்பு? பின்னல் நரம்புதான் எல்லாரும் சொல்கிறார்கள்.

சாட்ஸ்வொர்த்_ஸ்கார்பரோ

பழகும் வரை பின்னல் வேண்டாம். சாதா மோனோ (ஒற்றை இழை நைலான்), 12 அல்லது 14 பவுண்ட், 0.35 மில்லிமீட்டர் கிட்ட. மலிவு, தண்ணீரில் அவ்வளவாகத் தெரியாது, சிக்கு விழுந்தால் பிரிக்கலாம், பிரிக்க முடியாவிட்டால் வெட்டி எறிய மனசு வரும். பின்னலில் விழுந்த சிக்கு இறுகிப்போய் உள்ளே புதையும். பிறகு மாற்றும்போது 30 பவுண்டுக்குக் கீழே போக வேண்டாம், மெல்லிய பின்னல் ஸ்பூலுக்குள்ளேயே வெட்டிக்கொண்டு இறங்கும். அடியில் சில சுற்று மோனோ இருக்க வேண்டும், இல்லையென்றால் முழுக்கட்டும் ஸ்பூலில் வழுக்கும்.

ஸ்பூல் விளிம்புக்கு 2, 3 மில்லிமீட்டர் கீழே வரை நிரப்புங்கள். வழிய வழிய நிரப்பினால் தளர்ந்து விழும், குறைவாக நிரப்பினால் தூரம் போகாது.

ரீல் அமைப்பது இப்படி. லூரைக் கட்டி ராடை 45 டிகிரி சாய்வில் பிடித்து, லூர் நுனியிலிருந்து ஒரு சாண் தொங்கட்டும். கைப்பிடிப் பக்கம் இருக்கிற டென்ஷன் திருகை இறுக்கிவிட்டுக் கட்டைவிரல் பொத்தானை அழுத்துங்கள். லூர் அசையாது. திருகை மெல்ல மெல்லத் தளர்த்துங்கள். லூர் தயங்கித் தயங்கி இறங்கும் இடம் ஒன்று வரும். அது தரையைத் தொட்டதும் ஸ்பூல் ஒரு அரைச் சுற்றுக்கு மேல் ஓடாமல் நிற்க வேண்டும். அதுதான் அளவு. லூர் மாற்றினால் இதையும் மாற்ற வேண்டும். 3/8-லிருந்து 3/4-க்குப் போய்விட்டு அதே திருகில் எறிந்தால் சிக்கு நிச்சயம். காந்த பிரேக்கை 10-இல் 8-இல் வைத்துத் தொடங்குங்கள். பத்து எறி சுத்தமாகப் போனால் ஒரு எண் குறையுங்கள். டென்ஷன் திருகை பிரேக் மாதிரி பயன்படுத்தக் கூடாது, அது தொடக்கத்துக்கு மட்டும்.

டர்பனில் ஸ்கார்பரோ, மல்டிப்ளையர் என்ற சுழல் ஸ்பூல் கடல் ரீல்களை எறிந்து பழகிய மூத்தவர்கள் இதை அரை நாளில் பிடித்துக்கொள்வார்கள். கட்டைவிரல் வேலை ஒன்றேதான். கிரைண்டர் பழக்கம் மட்டும் இருப்பவருக்குத்தான் அந்த விரல் புதிது. லூர் பறக்கும்போது கட்டைவிரல் ஸ்பூலின்மேல் பூ தொட்ட மாதிரி இருக்கட்டும். லூர் தண்ணீரைத் தொடும் கணத்துக்குச் சற்று முன்னால் அழுத்தி நிறுத்துங்கள்.

மிட்மார்_அக்கா

சிக்கு எப்போது விழுகிறது என்று பார்த்தாலே காரணம் தெரியும். லூர் கிளம்பியவுடன் விழுந்தால் கை வெட்டி எறிகிறது, அல்லது பிரேக் குறைவு. பாதி வழியில் விழுந்தால் எதிர்க்காற்று. பிரேக்கை இரண்டு எண் கூட்டுங்கள், தாழ்வாக எறியுங்கள். கடைசியில், லூர் தண்ணீரில் விழுந்த பிறகு விழுந்தால் கட்டைவிரல் தூங்கிவிட்டது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எல்லாவற்றுக்கும் பிரேக்கைக் கூட்டிக்கொண்டே போனால் 15 மீட்டரைத் தாண்டாது.

விழுந்த சிக்கைப் பிடுங்கி இழுக்காதீர்கள். கட்டைவிரலால் ஸ்பூலை நன்றாக அழுத்தி, அழுத்தியபடியே கைப்பிடியை இரண்டு சுற்று சுற்றுங்கள். மேலே எம்பிய கண்ணிகள் தட்டையாகும். பிறகு பொத்தானை அழுத்தி நரம்பை நிதானமாக உருவினால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் மறுபடி அதையே செய்யுங்கள்.

முதல் நாள் அணைக்குப் போக வேண்டாம். புல் மைதானம், முள் இல்லாத அரை அவுன்ஸ் பயிற்சிக் கட்டை. சிமெண்டுத் தரை கூடாது, நரம்பு கீறிப்போகும். 25 மீட்டர் எறிந்து, மேலும் ஐந்தாறு மீட்டர் கையால் உருவிவிட்டு, ஸ்பூலில் மீதி நரம்பின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டுச் சுற்றுங்கள். எவ்வளவு பெரிய சிக்கு விழுந்தாலும் டேப்புக்குக் கீழே போகாது. எறியும்போது புறங்கை வானத்தைப் பார்க்க மணிக்கட்டைத் திருப்பிக்கொள்ளுங்கள் (உங்கள் இடது கைப்பிடி ரீலில் கைப்பிடி தரைப் பக்கம் வரும்), மணிக்கட்டு தடையில்லாமல் மடங்கும்.

வெருலம்_கரை

அக்கா, இதை அப்படியே அச்சடித்து வைத்துக்கொள்கிறேன். இரண்டு சின்னக் கேள்வி. டிராக் (மீன் பலமாக இழுத்தால் ஸ்பூலை வழுக்கவிடும் பிடி) எவ்வளவு இறுக்குவது? இதே ராடில் கடலுக்குப் போய் ஷாட் பிடிக்கலாமா?

சாட்ஸ்வொர்த்_ஸ்கார்பரோ

டிராக்: 12 பவுண்ட் நரம்புக்கு அதன் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை, கிலோவில் சொன்னால் ஒன்றரையைச் சுற்றி. கைத்தராசு ஒன்றில் நரம்பு நுனியைக் கட்டி, ராடை வளைத்து இழுத்துப் பாருங்கள். ஒன்றரையில் ஸ்பூல் வழுக்க ஆரம்பிக்க வேண்டும். கையால் இழுத்து அளந்தால் எல்லாருமே அதிகமாக இறுக்கிவிடுகிறோம். இங்கே இருக்கிற பாஸில் ஃபுளோரிடா வகையும் கலந்திருக்கிறது, அது பெரிதாக வளரும். கரைக்குப் பக்கத்தில் வந்து திடீரென்று பாயும்போது டிராக் கொடுக்கவில்லையென்றால் நரம்பு அல்லது நுனி, இரண்டில் ஒன்று போகும்.

கடலுக்கு வேண்டாம். 3/4 அவுன்ஸ் எல்லை உள்ள ராடில் நாலு அவுன்ஸ் ஈயத்தைக் கட்டி வீசினால் எறியும்போதே ஒடியும். உப்பு வேறு. மலிவு ரீலின் பேரிங் ஒரே மாதத்தில் கரகரக்கும். துறைமுகத்துக்கு லேசான லூரோடு எடுத்துப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் வந்தவுடன் டிராக்கை இறுக்கி, நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்துக் கழுவி, துடைத்து, டிராக்கைத் தளர்த்தி நிழலில் வையுங்கள். குழாயை நேராகப் பீய்ச்ச வேண்டாம், உப்பை உள்ளே தள்ளும். ஸ்பூல் பேரிங்குக்கு மாதம் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். ஒரே சொட்டு. கிரீஸ் அங்கே கூடவே கூடாது.

டோங்காட்_தூண்டில்

ராட் உடையற விதம் ரெண்டு, அதையும் எழுதிடறேன். மீன் காலடிக்கு வந்ததும் ராடைத் தலைக்குப் பின்னால சாய்ச்சுத் தூக்கறது. அப்போ முதுகெலும்புப் பகுதி வேலையே செய்யாது, முழுப் பாரமும் நுனி ஒரு அடியில. ரெண்டு கிலோ மீன் போதும் ஒடிய. நரம்புக்கும் ராடுக்கும் நடுவுல செங்கோணத்தைத் தாண்டாம வெச்சிருந்து, குனிஞ்சு கீழ்த்தாடையைக் கையால பிடிங்க. பாஸுக்குப் பல் சொரசொரப்புதான், வெட்டாது.

ரெண்டாவது, முள் அடியில கட்டையில மாட்டினா ராடை வெச்சு வெட்டி வெட்டி இழுக்கறது. மாட்டினா ராடை நேரா அந்தப் பக்கம் நீட்டுங்க, ஸ்பூலைப் பெருவிரலால பிடிச்சுக்கிட்டு பின்னால நடங்க. பின்னல் நரம்பா இருந்தா கையில சுத்தவே கூடாது, எலும்பு வரை அறுக்கும். ஒரு குச்சியில நாலு சுத்து சுத்தி இழுங்க.

வீட்டுக்குத் திரும்பும்போது முள்ளை வளையத்துல மாட்டி வைக்கறதும் வேண்டாம். பீங்கான்ல கீறல் விழற வழி அது. ராடிலேயே ரீலுக்கு மேல முள் மாட்டற சின்னக் கம்பி இருக்கும், அதுக்குத்தான் அது.

மிட்மார்_அக்கா

ராட் வாங்குகிற அன்றே மாகாண வனவிலங்கு அமைப்பான எசெம்வெலோவின் நன்னீர் மீன்பிடி லைசென்சையும் எடுத்துவிடுங்கள் தம்பி. இன்னொன்று: 1928-இல் வெளியிலிருந்து இந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட மீன் இந்தப் பெரிய வாய் பாஸ். அந்நிய ஊடுருவி இனமாகச் சட்டப் பட்டியலில் இருக்கிறது. பிடித்ததை உயிரோடு வாளியில் போட்டு வேறு அணைக்கோ பண்ணைக் குளத்துக்கோ கொண்டுபோகக் கூடாது. பிடித்த இடத்திலேயே விடலாம், அல்லது வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்கலாம்.

வெருலம்_கரை

சனிக்கிழமை காலையில் கடைக்குப் போகிறேன். பையில் பஞ்சு, கைத்தராசு, டேப் மூன்றும் எடுத்து வைத்தாயிற்று. கடைக்காரர் நரம்பு கோத்து வளைக்க விடவில்லையென்றால் என்ன செய்வது?

ஆல்பர்ட்ஃபால்ஸ்_அண்ணன்

வளையங்களை எண்ணுங்கள், பஞ்சை விடுங்கள், கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இந்த மூன்றுக்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள். அதற்கும் விடாத கடை என்றால் ராடை அங்கேயே வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடங்கள். ரசீதை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள், முதல் மாதத்தில் வளையக் கட்டில் வெள்ளைக்கோடு தெரிந்தால் அதைக் காட்டி மாற்றித்தரக் கேட்கலாம்.